கேடும் தவறவிடலும் உணர்த்தும் வினைகள்

கேடு, தோல்வி, கைநழுவிய வாய்ப்பு ஆகியவற்றை உணர்த்தும் வினைகள் என்பவை, ஒரு செயல் நடந்தது என்ற செய்தியோடு, அதனால் இழப்பு நேர்ந்தது, எண்ணியது கைகூடவில்லை, நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்ற மதிப்பீட்டையும் சேர்த்துச் சொல்லும் வினைச்சொற்களும் வினைத்தொடர்களும் ஆகும். ஜப்பானிய மொழியில் இவை ஒரு தனிக் குடும்பமாகவே வளர்ந்துள்ளன. தமிழில் இப்பணியைப் பெரும்பாலும் துணைவினைகள் செய்கின்றன. முதன்மைவினை எச்ச வடிவில் நிற்க, அதன்பின் வந்து காலம், இடம், எண் காட்டும் விகுதிகளை ஏற்று, தன் சொந்தப் பொருளை இழந்தோ தேய்த்தோ முதன்மைவினைக்கு ஒரு சாயலைத் தரும் வினை துணைவினை எனப்படும். ‘உடைந்து போயிற்று’ என்னும்போது எதுவும் எங்கும் போகவில்லை. உடைந்ததும் அது மீளாது என்பதும் மட்டுமே சொல்லப்படுகின்றன.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் கணியம்பாடியை ஒட்டிய வேலூர், ஆம்பூர் வட்டாரப் பேச்சிலிருந்து அமைக்கப்பட்டவை. வேலூருக்குத் தெற்கே திருவண்ணாமலை சாலையில் ஒன்றியத் தலைமையிடமாக இருக்கும் கணியம்பாடியும், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் ஊர்களும் தமிழ், உருது, தெலுங்கு ஆகிய மூன்றும் அன்றாடம் காதில் விழும் நிலப்பகுதியாகும். கேடு உணர்த்தும் துணைவினைகள் இம்மூன்று மொழிகளிலும் செழித்திருப்பதால், அவற்றை ஒருங்கே நோக்க ஏற்ற இடமும் இதுவே.

‘போ’, ‘விடு’

தமிழில் இவ்வகையின் அடித்தளம் ‘போ’, ‘விடு’ என்னும் இரண்டு துணைவினைகளே. ‘போ’ பெரும்பாலும் நிலைமாற்றத்தைக் குறிக்கும் தன்வினைகளோடு சேர்கிறது: கெட்டுப் போச்சு, அழுகிப் போச்சு, கிழிஞ்சு போச்சு, செத்துப் போச்சு, தோத்துப் போச்சு. ‘விடு’ ஏறத்தாழ எல்லா வினைகளோடும் சேர்ந்து, செயல் முற்றுப்பெற்றதையும் அதைத் திருப்ப இயலாது என்பதையும் காட்டுகிறது. பேச்சில் ‘விடு’ தேய்ந்து, ‘செய்துவிட்டான்’ என்பது ‘செஞ்சிட்டான்’ எனவும், வட தமிழக வழக்கில் ‘போய்விட்டான்’ என்பது ‘பூட்டான்’ எனவும் வரும். முதன்மைவினையாக நிற்கும் ‘விட்டேன்’ இங்கு ‘உட்டேன்’ ஆகும். எனவே பேருந்தைத் தவறவிட்டவர் ‘பஸ்ஸ உட்டுட்டேன்’ என்கிறார். அத்தொடரின் முதற்பகுதி தவறவிடலையும், இறுதிப்பகுதி அது முடிந்துபோன கதை என்பதையும் சொல்ல, ஒரே வினை முதன்மையாகவும் துணையாகவும் இருமுறை வந்திருக்கிறது.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இலக்கண நூல்கள் பெரும்பாலும் தன்வினை, பிறவினை என்ற அளவிலோ, முற்றுநிலை என்ற அளவிலோ நிறுத்திவிடுகின்றன. பேச்சைக் கூர்ந்து கேட்டால் வேறுபாடு அதைவிட ஆழமானது: பழி யார்மேல் விழுகிறது என்பதையே இவை பிரித்துக் காட்டுகின்றன. உரித்த தோலுக்கு அன்றே உப்பிடாவிட்டால் அது அழுகத் தொடங்கும். அழுகினால் மயிர் தானே உதிர்ந்து மேற்பரப்பு பழுதாகி, தோலின் விலை இறங்கும். உப்புக் குறைவால் பழுதான பச்சைத் தோலைப் பார்த்து ஒருவர் ‘தோலு அழுகிப் போச்சு’ எனலாம். ‘தோல அழுக உட்டுட்டான்’ எனலாம். ‘தோல அழுக வச்சிட்டான்’ எனவும் சொல்லலாம். முதல் தொடரில் எவரும் குற்றவாளி இல்லை; வெயிலோ நேரமோ காரணமாக இருக்கலாம். இரண்டாவதில் தடுத்திருக்க வேண்டியவர் தடுக்கவில்லை. மூன்றாவதில் கேட்டை விளைவித்தவரே அவர்தான். உரிக்கும்போது கத்தி பட்டு விழுந்த கிழிசலுக்கும் இவ்வரிசை பொருந்தும்: ‘கிழிஞ்சு போச்சு’, ‘கிழிச்சிட்டான்’, ‘கிழிச்சுப் போட்டான்’. கடைசித் தொடரிலுள்ள ‘போடு’ அக்கறையின்மையையோ வேண்டுமென்றே செய்ததையோ குறிப்பால் உணர்த்தும். சரக்கின் விலையைக் குறைக்க வேண்டி வரும்போது உரித்தவர் முதல் தொடரையும், வாங்குபவர் மற்ற இரண்டில் ஒன்றையும் நாடுவது இயல்பே.

இவ்வேறுபாடு தனிமனிதர் வழக்கோடு நிற்பதன்று. ‘தண்ணி கெட்டுப் போச்சு’ என்பதும் ‘தண்ணியக் கெடுத்துட்டாங்க’ என்பதும் பாலாற்றுப் படுகையில் பல்லாண்டுகளாக ஒருங்கே ஒலித்துவரும் தொடர்கள். முன்னது நிலைமையைச் சொல்கிறது. பின்னது பொறுப்பைக் கேட்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற வேளாண் ஆய்வு முடிவை எடுத்துக்காட்டி, மாசு செய்தவரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்று, தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. இலக்கண நோக்கில் சொன்னால், ‘கெட்டுப் போச்சு’ என்று பேசப்பட்டுவந்த ஒரு நிகழ்வை ‘கெடுத்துவிட்டார்கள்’ என்ற தொடருக்கு மாற்றிய தீர்ப்பு அது. துணைவினையைத் தேர்ந்தெடுப்பது நடையழகு சார்ந்த சிறு செய்தி என்று கருதுவோர் இதை மனத்திற்கொள்வது நல்லது.

‘போ’ எப்போதும் கேட்டையே குறிக்கும் என்றும் கொள்ள முடியாது. ‘அந்த வீடு புடிச்சுப் போச்சு’ என்பது மகிழ்ச்சியான செய்தி. அங்கும் விருப்பம் தானே வந்து ஒட்டிக்கொண்டது, சொல்பவர் திட்டமிட்டு விரும்பவில்லை என்ற கருத்து உள்ளது. ஆகவே ‘போ’வின் உட்பொருள் மனிதக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட மாற்றம் எனவும், மனிதர் கட்டுப்பாட்டுக்கு அப்பால் நிகழ்பவற்றில் பெரும்பாலானவை விரும்பத்தகாதவையாக இருப்பதால் கேட்டுப்பொருள் அதன்மேல் படிந்தது எனவும் கொள்வது பொருத்தமாகும். இரண்டும் சேர்ந்தும் வரும். அப்போது ‘கெட்டுப் போயிடுச்சு’ என ‘போ’ முதன்மைவினையை ஒட்டியும் ‘விடு’ அதற்கு வெளியிலும் நிற்கும். இன்னும் நேராத கேட்டை எச்சரிக்கவும் இதே உறுப்புகள் உதவுகின்றன: ‘பாத்து, உழுந்துடப் போற’ என்று குழந்தையிடம் சொல்லும்போது, வருங்காலம் காட்டும் ‘போ’வும் முற்றுநிலை ‘விடு’வும் இணைந்து அச்சத்தைத் தருகின்றன.

நடக்காமல் போனவை

கைநழுவிய வாய்ப்பைச் சொல்லத் தமிழ் எதிர்மறை எச்சத்தைப் பயன்படுத்துகிறது. ‘வேலை கிடைக்கல’ என்பது வெறும் செய்தி. ‘வேலை கிடைக்காம போச்சு’ என்றால், கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது, அது பொய்த்தது என்ற முழுக் கதையும் ஒரு தொடரில் அடங்குகிறது. இங்கும் பொறுப்பின் பிரிவு தொடர்கிறது. ‘சொல்லாம போயிட்டேன்’ என்பதில் வாய்ப்பு அமையாத வருத்தம் மேலோங்க, ‘சொல்லாம உட்டுட்டேன்’ என்பதில் சொல்லியிருக்க வேண்டியவர் தாமே என்ற ஒப்புதல் இருக்கிறது.

பட்டியலிலோ முறையிலோ ஒன்று இடம்பெறாமல் நழுவுவதற்கு ‘விட்டுப் போ’, ‘விடுபடு’ என்னும் சொற்கள் உள்ளன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை கணியம்பாடி ஒன்றியத்துச் சிற்றூர்களில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. இத்தகைய களப்பணியில் குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பார்க்கும் செவிலியரிடம் ஒரு தாய் ‘ஒரு ஊசி உட்டுப் போச்சுங்க’ என்று சொல்வதற்கும், உடன் வந்த பாட்டி ‘ஊசி போடாம உட்டுட்டா’ என்று திருத்துவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதைத் தமிழ் தெரிந்தவர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நோயாளியின் சொற்களை அப்படியே பதிவு செய்யாத மருத்துவக் குறிப்புகளில் இவ்வேறுபாடு மறைந்துவிடுவது உண்மையான இழப்பு. மருந்தை உட்கொள்ள இயலாமற் போனவரையும் வேண்டாமென விட்டவரையும் அது ஒரே கட்டத்தில் அடைத்துவிடுகிறது.

‘தவறு’ என்னும் வினை எழுத்துத் தமிழில் ‘செய்யத் தவறினார்’ எனக் கடமை வழுவலைக் குறிக்கிறது. நாளிதழும் நீதிமன்ற ஆணையும் விரும்பும் தொடர் இது. ‘தவற விடு’ என்பது பொருளையோ நாளையோ இழத்தலைக் குறிக்க, ‘தவறிட்டாரு’ என்பது இறப்பைச் சொல்லும் மரியாதைச் சொல்லாக வழங்குகிறது. வந்துவிடும் என்ற நிலையில் விலகிய நல்வாய்ப்பு ‘தட்டிப் போச்சு’; பேசி முடித்த சம்பந்தமும் உறுதியாகியிருந்த வேலையும் தட்டிப் போவனவே. கவனக்குறைவால் இழந்ததற்குக் ‘கோட்டை விட்டான்’ என்ற மரபுத்தொடர் உள்ளது; அது இழந்தவரைச் சிறிது இடித்துரைக்கும்.

சொல்பவரின் மனநிலை

மூன்றாவது வகைத் துணைவினைகள் நிகழ்வைவிடச் சொல்பவரின் மனத்தையே காட்டுகின்றன. இவற்றில் முதன்மையானது ‘தொலை’. காணாமற்போதல், அழிதல் என்ற சொந்தப் பொருளிலிருந்து எரிச்சலையும் வெறுப்பையும் காட்டும் துணைவினையாக இது மாறியுள்ளது: ‘வந்து தொலைஞ்சான்’, ‘சொல்லித் தொலை’, ‘மழை வேற பெஞ்சு தொலைக்குது’. பெரியவர்களிடம் நேருக்கு நேர் இதைப் பயன்படுத்துவது மரியாதைக் குறைவு. ஒத்த வயதினரிடமும் தன்னைப் பற்றியும் தடையின்றி வரும். ‘மறந்து தொலைச்சிட்டேன்’ என்பவர் தம்மைத் தாமே கடிந்துகொள்கிறார்.

வேண்டாச் செலவையும் தவிர்க்க முடியாத சுமையையும் சொல்ல ‘அழு’ வருகிறது: ‘வாடகை குடுத்து அழுவுறோம்’. முன்யோசனையற்ற செயலுக்கு ‘வை’: ‘எதையாவது உளறி வைக்காத’, ‘ஏதாவது செஞ்சு வச்சிடப் போறான்’. இவ்விடத்தில் ‘வை’, பின்னால் பயன்படும் என்று செய்துவைக்கும் நற்பொருளுக்கு நேர்மாறான பொருளைத் தருகிறது என்பது குறிக்கத்தக்கது. பின்விளைவு தொடரும் என்பதே இரண்டுக்கும் பொதுவான கரு. ‘கிழி’ எதிர்மறை ஏளனத்துக்கு உரியது: ‘படிச்சுக் கிழிச்சான்’ என்றால் படிக்கவில்லை என்று பொருள். ‘ஒழி’ இன்று பெரும்பாலும் வசைச்சொல்லிலும் எழுத்து நடையிலும் எஞ்சியுள்ளது.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் முஸ்லிம் மக்களில் பலர் பேசும் உருதுவும் இவ்வமைப்பில் தமிழுக்கு அருகில் நிற்கிறது. ‘உட்கார்’ என்ற பொருளுடைய ‘பைட்னா’ துணைவினையாகும்போது, ‘கர் பைட்டா’ என்பது பின்னர் வருந்தத்தக்க ஒன்றைச் செய்துவிட்டான் என்ற பொருளைத் தரும். தமிழின் ‘செஞ்சு வச்சிட்டான்’ இதற்கு நேர் நிகர். ‘மார் டாலா’ என்பதில் ‘போடு’ என்ற பொருளுடைய வினை வன்மையைக் காட்டுகிறது. ‘ரஹ் கயா’ என்பது விடுபட்டுப் போனதைச் சொல்லும். தெலுங்கில் ‘செப்பி சாவு’ என்றால் சொல்லித் தொலை என்று பொருள். ‘தொலை’ நிற்கும் இடத்தில் அங்குச் ‘சா’ நிற்கிறது. ‘அழு’ என்னும் வினையும் தெலுங்கில் இதே கடுகடுப்பை உணர்த்தத் துணைவினையாக வருவதுண்டு. மொழி மாறிப் பேசும் ஒருவருக்கு இத்துணைவினைகளைப் பெயர்ப்பதில் இடர்ப்பாடு குறைவாக இருப்பதற்கு இந்த ஒப்புமையே காரணம்.

ஜப்பானியத்தோடு ஒப்பீடு

ஜப்பானியத்தில் தமிழ் ‘விடு’வுக்கு நிகரானது ‘-தெ ஷிமாவு’ என்னும் அமைப்பு. ஷிமாவு என்பது முடித்தல், எடுத்து உள்ளே வைத்தல் என்ற பொருளுடைய வினை. எச்சத்தின்பின் வரும்போது அது முற்றுநிலையையும் வருத்தத்தையும் உணர்த்துகிறது. ‘வசுரெதெ ஷிமத்தா’ என்பது ‘மறந்துவிட்டேன்’ என்பதே. டோக்கியோப் பேச்சில் அது ‘வசுரெச்சத்தா’ எனச் சுருங்குவது, ‘மறந்துவிட்டேன்’ ‘மறந்துட்டேன்’ ஆவதை ஒத்தது. இரு மொழிகளிலும் அடிக்கடி பயன்படும் துணைவினை தேய்ந்து விகுதிபோல ஒட்டிக்கொண்டது.

ஒற்றுமை இவ்வளவில் நிற்க, தவறவிடலில் வேற்றுமை தொடங்குகிறது. ஜப்பானியம் எவ்வாறு தவறியது என்பதை வினையிலேயே வகைப்படுத்துகிறது. ‘நொகசு’ சேர்ந்த ‘கிகிநொகசு’ என்பது கேட்கும் வாய்ப்பைக் கைநழுவ விடுதல். ‘மிநொகசு’ பார்க்காமல் விடுதல். ‘ஓதொசு’ சேர்ந்த ‘மியொதொசு’ என்பது கண்முன் இருந்தும் கண்ணில் படாமல் விடுதல். ‘சொபிரெரு’ சேர்ந்தால் தயக்கத்தாலோ நேரம் தப்பியதாலோ செய்யாமற்போதல். ‘ஈசொபிரெரு’ என்பது சொல்ல வந்ததைச் சொல்ல வாய்க்காமல் போதல், ‘நெசொபிரெரு’ தூக்கம் பிடிக்கும் வேளை தப்பித் தூங்க முடியாமற்போதல். ‘சொஞ்ஜிரு’ சேர்ந்த ‘ககிசொஞ்ஜிரு’ எழுதும்போது பிழைபட எழுதுதல். ‘சொகொனவு’, ‘சொகொநெரு’ ஆகியன தோல்வி, தவறவிடல் இரண்டையும் தழுவும்; ‘தபெசொகொநெரு’ என்பது உண்ணும் வாய்ப்பை இழத்தல். ‘சொகொனவு’ சில சூழல்களில் மயிரிழையில் தப்பியதையும் குறிக்கும். தமிழ் அதற்கு ‘உழப் பாத்தான்’, ‘உழ இருந்தான்’ என வேறு வழியில் செல்கிறது. ‘ஷிதெகசு’ என்னும் வினை, பிறர்க்குத் தொல்லை தரும் ஒன்றைச் செய்துவைத்தலைக் குறிப்பது. தமிழில் அதன் இடத்தில் ‘வை’ நிற்கிறது.

தமிழில் இந்த நுண்பிரிவுகளுக்குத் தனித்தனித் துணைவினைகள் இல்லை. தயக்கத்தால் சொல்லாமல் விட்டதையும் மறதியால் சொல்லாமல் விட்டதையும் ‘சொல்லாம உட்டுட்டேன்’ என்ற ஒரே தொடர் தாங்கிக்கொள்கிறது. அதே வேளையில், தானே நேர்ந்ததா, தடுக்காமல் விடப்பட்டதா, வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்று தமிழ் துணைவினையைக் கொண்டே படிப்படியாகப் பிரிப்பதைப்போல் ஜப்பானியத்தின் தவறவிடல் வினைகள் பிரிப்பதில்லை. தவறிய முறையை ஜப்பானியமும் தவறியதன் பொறுப்பைத் தமிழும் விரித்துச் சொல்கின்றன என்பது இக்கட்டுரையின் முடிபு.

ஜப்பானியம் பாதிப்பைச் சொல்லச் செயப்பாட்டு வடிவத்தையும் பயன்படுத்தும். ‘அமெ நி ஃபுரரெதா’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மழையால் பெய்யப்பட்டேன்’ என்றாகும். மழை பெய்து நான் அவதிப்பட்டேன் என்பது கருத்து. செயப்படுபொருள் குன்றிய வினைகளைத் தமிழில் இவ்வாறு செயப்பாட்டாக்க இயலாது. ‘மழையில மாட்டிக்கிட்டேன்’ என்றோ, இழப்புக்கு ஆளானவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்தி ‘அவருக்குப் புள்ள தவறிப் போச்சு’ என்றோ சொல்வதே தமிழ் மரபு.

இவ்வொப்புமைகளைக் கண்டு இரு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவு கட்டும் ஆசை எழக்கூடும். டோக்கியோ ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்ற கருத்தைப் பல நூல்களில் முன்வைத்தார். யாழ்ப்பாணத்து அறிஞர்களான அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவருடன் இணைந்து உழைத்தனர். அவர்களின் உழைப்பு தமிழ் ஆய்வில் ஜப்பானியர் கவனத்தைத் திருப்பியது உண்மையாயினும், மொழியியலாளரில் பெரும்பாலோர் அவ்வுறவை ஏற்கவில்லை. துணைவினை ஒப்புமை அதற்குச் சான்றாகவும் ஆகாது. வினை இறுதியில் நிற்கும் மொழிகள் பலவற்றில் எச்சத்தின்பின் வரும் வினை இவ்வாறு தேய்வது இயல்பு. கொரிய மொழியிலும் ‘எறி’ என்ற பொருளுடைய ‘பொரிதா’ என்னும் வினை ‘விடு’வைப் போலவே பயன்படுகிறது. இத்தகைய கூட்டுவினைகள் தெற்காசியா முதல் நடு ஆசியா வழியாகக் கொரியா, ஜப்பான் வரை பரவிக் கிடப்பதைக் காலின் மசிகா 1976-இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.

ஆய்வும் அகராதியும்

தமிழ்த் துணைவினைகளில் சொல்பவரின் மனநிலையை இலக்கணப் பொருளாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர்களில் இ. அண்ணாமலை முன்னோடி; தமிழ் வினை விரிவு பற்றிய அவரது நூல் 1985-இல் வெளிவந்தது. தாமஸ் லேமன் (1989), ஹரால்டு ஷிஃப்மன் (1999), சான்ஃபோர்டு ஸ்டீவர் (2005) ஆகியோர் இவற்றைத் தத்தம் நூல்களில் வகைப்படுத்தினர். ஷிஃப்மன் பேச்சுத் தமிழையே அடிப்படையாகக் கொண்டதால் ‘தொலை’, ‘தள்ளு’, ‘போடு’ ஆகியவற்றின் உணர்வுச் சாயல்கள் அவர் நூலில் தெளிவாக இடம்பெற்றன. 1992-இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, துணைவினைப் பொருளை முதன்மைவினைப் பொருளிலிருந்து பிரித்து எடுத்துக்காட்டுடன் தந்தது தமிழ் அகராதி வரலாற்றில் பெரிய முன்னேற்றம்.

வட்டார அகராதிகள் இவ்வழியில் இன்னும் நெடுந்தூரம் செல்லலாம். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் செய்து தந்த சொல்லகராதிகள் இத்துறைக்கு வழிகாட்டிகள். பெயர்ச்சொற்களையும் அரிய வினைகளையும் திரட்டுவதோடு, ‘உட்டுப் போச்சு’, ‘அழுக வச்சிட்டான்’, ‘செஞ்சு வச்சிட்டான்’ போன்ற தொடர்களையும் யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்ற குறிப்போடு வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் தொகுக்க வேண்டும். உருதுவும் தெலுங்கும் அறிந்த உள்ளூர் ஆசிரியர்களும் மாணவர்களும் அப்பணிக்கு எல்லா வகையிலும் தகுதியானவர்கள்.